போலீஸ் கண்ணெதிரே அடித்தார்கள், யாரைக் கேட்பது?

கேள்வி: வணக்கம் மேடம். எங்கள் ஊர் ஏரியை ஒட்டிக் கல்குவாரி வரப்போகிறது. அதை எதிர்த்து 11 நாட்களுக்கு முன் தாலுகா அலுவலகம் எதிரே பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தோம். காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். சுமார் 60 பேர், பாதிக்கு மேல் பெண்கள். காலை பதினொன்றரை மணிக்கு இரண்டு வேன்களில் கட்சித் துண்டு போட்ட ஆட்கள் வந்து இறங்கி, கட்டையால் அடிக்க ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டரும் ஏழெட்டு போலீஸாரும் இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் 100-க்கு இரண்டு முறை போன் செய்தேன். வேன்கள் கிளம்பிய பிறகு அதே போலீஸார் லத்தியோடு வந்து எங்களை விரட்டி அடித்தார்கள். என் அப்பாவுக்கு (62) இடது முன்கை எலும்பு முறிந்துவிட்டது. உடைத்தது கட்சிக்காரர்களா போலீஸா என்று அவருக்கே தெரியவில்லை. புகார் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. 'உங்க மேலதான் கேஸ் போட்டிருக்கு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் தனியார் பள்ளி ஆசிரியை. தம்பி அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். 'விட்டுத் தொலை' என்கிறார்கள் உறவினர்கள். போலீஸைக் கேள்வி கேட்க எங்களைப் போன்றவர்களால் முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். ஆனால் சீக்கிரம் முடியும் என்று நான் சொல்லமாட்டேன். இருபத்தாறு வருடமாக மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். போலீஸார் மேல் கொடுக்கப்பட்ட புகார்கள் எப்படி ஜெயித்தன, எப்படித் தோற்றன என்று இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தோற்றவற்றில் பெரும்பாலானவை முதல் ஒரு மாதத்திலேயே தோற்றுவிட்டன. தீர்ப்பு வர மட்டும் எட்டு வருடம் ஆனது. அதனால் உங்கள் 11 நாள் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், சட்டம் அப்புறம்.

அந்த இடத்தைச் சுற்றி என்னென்ன கேமரா இருக்கிறது என்று எண்ணுங்கள். தாலுகா அலுவலக வாசல், எதிரே மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். எதுவாக இருந்தாலும் சரி. கடைகளில் இருக்கும் டி.வி.ஆர். பெட்டி பதினைந்து நாளோ ஒரு மாதமோ ஆனதும் பழைய பதிவின் மேல் புதிய பதிவை எழுதிவிடும். கடைக்காரர் தரமாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள், அவருக்கும் பயம் இருக்கும். 'இந்தத் தேதி, இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதன் நகலை டி.எஸ்.பி.க்கும் அனுப்புங்கள். பிறகு பதிவு அழிந்துபோனாலும், அழியவிட்டது யார் என்ற கேள்வி உயிரோடு இருக்கும்.

செல்போனில் வீடியோ எடுத்தவர்கள் இருப்பார்கள். அந்த போன்களை விற்கவோ மாற்றவோ வேண்டாம். வீடியோவை வெட்டுவது, சிவப்பு வட்டம் போடுவது, பாட்டுச் சேர்ப்பது எதுவும் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதி தரம் குறைந்து, எடுத்த நேர விவரமும் கழன்றுபோனது. நீதிமன்றத்துக்கு வேண்டியது போனில் இருக்கும் அசல். மின்னணுச் சாட்சியத்தோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழும் தரவேண்டும். உங்கள் வக்கீல் அதைத் தயார் செய்துவிடுவார். நீங்கள் 100-க்குப் பேசிய இரண்டு அழைப்பும் உங்கள் போனில் நேரத்தோடு இருக்கும். இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். போலீஸாருக்கு எப்போது தெரியும் என்ற கேள்விக்கு, அவர்கள் மறுக்க முடியாத பதில் அதுதான்.

அடுத்து ஆஸ்பத்திரி. அப்பாவை அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது டாக்டர் 'ஏ.ஆர்.' என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார். காயம் எங்கே, எவ்வளவு நீளம் என்பதோடு, எப்படி ஏற்பட்டது என்று நோயாளி சொன்னதையும் அதில் ஒரு வரி எழுதுவார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் பாதி வழக்கு நிற்கிறது. ரொம்ப வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். மறியலில் லத்தியடி பட்டு இரண்டு விரல் முறிந்திருந்தது. ஏ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தால் 'தானாகத் தடுக்கி விழுந்ததாக' என்று இருந்தது. ஏன் ஐயா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். 'டாக்டர் கேக்கறப்போ அந்த ஏட்டு என் கட்டில் கால்மாட்டுலதாம்மா நின்னாரு' என்றார். குறுக்கு விசாரணை நடந்த அன்று அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு வக்கீல் முக்கால் மணி நேரம் ஓட்டினார். பெரியவர் கூண்டில் நின்று விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே நாளையே மருத்துவமனைக்குப் போய் அப்பாவின் ஏ.ஆர். நகலுக்கும் காயச் சான்றிதழுக்கும் எழுதிக் கொடுங்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஏ.ஆரில் 'அடையாளம் தெரியாத நபர்கள் கட்டையால் அடித்ததாக' என்று இருந்தால் நல்லது. வேறு மாதிரி இருந்தால், எந்தச் சூழ்நிலையில் அப்படிச் சொல்லப்பட்டது என்பதை இப்போது கொடுக்கும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துச் சொன்னால் ஜோடித்தது போல இருக்கும்.

சரி, இப்போது அந்த வேப்பமரத்தடிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இப்படி நடந்தால் நம் மக்கள் புகாரில் எழுதுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: 'காவல்துறையும் கட்சியினரும் சேர்ந்து எங்களைத் தாக்கினார்கள்.' ஆத்திரத்தில் வருகிற வாக்கியம், நியாயமான ஆத்திரமும்கூட. ஆனால் அப்படி எழுதிவிட்டால், இரு தரப்பும் முன்கூட்டியே பேசிவைத்துச் செய்தார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? சந்தேகம் மட்டும்தான். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள். வேனில் வந்தவர்கள் அடித்தது ஒரு குற்றம். அதைத் தடுக்காமல் போலீஸார் நின்றது இன்னொன்று. பிறகு லத்தியால் அடித்தது மூன்றாவது. புகாரை வாங்க மறுத்தது நான்காவது. நான்கிற்கும் ஆள் வேறு, நேரம் வேறு, பொருந்தும் சட்டம் வேறு.

நின்றுகொண்டிருந்தது எப்படிக் குற்றமாகும் என்று உங்கள் உறவினர்கள் கேட்பார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168-வது பிரிவைக் காட்டுங்கள் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 149). வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடப்பதைத் தன்னால் இயன்ற அளவு தடுத்தே ஆகவேண்டும் என்று அது ஒவ்வொரு போலீஸ் அதிகாரிக்கும் சொல்கிறது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற பேச்சு அதில் இல்லை. கட்டையோடு கூட்டமாக வந்து அடிப்பது அந்த வகைக் குற்றம்தான். கும்பல் கொலைகள் தொடர்பாக 2018 ஜூலை 17-ல் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க அது வகுத்த நடைமுறையைப் பின்பற்றத் தவறும் அதிகாரியின் செயலை வேண்டுமென்றே செய்த கடமைத் தவறாகவே எடுத்துக்கொண்டு, துறை நடவடிக்கையைக் கூடுமானவரை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது.

உங்களிடம் இருக்கும் அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த இடத்தில் அந்தக் கூட்டம் நடக்கப்போகிறது என்று நிலையத்துக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதுதான் ஆதாரம். இன்ஸ்பெக்டர் தற்செயலாக அந்த வழியே வந்தவரல்ல, பந்தோபஸ்து டூட்டியில் இருந்தவர். அவரோடு யார் யார் அனுப்பப்பட்டார்கள் என்பது டூட்டி பட்டியலில் இருக்கும், என்ன நடந்தது என்று அவர்கள் எழுதியது நிலையத்தின் பொது நாட்குறிப்பில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இவற்றையும், உங்கள் 100 அழைப்பு எந்த நிமிடம் எந்த நிலையத்துக்குத் தள்ளிவிடப்பட்டது என்பதையும் கேட்டு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. முழுதாகத் தரமாட்டார்கள், விசாரணையில் இருக்கிறது என்பார்கள். பரவாயில்லை, மறுப்பும் எழுத்தில்தான் வரும். பெயர்ப்பட்டை இல்லாமல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அடித்தவர்களை அடையாளம் காண்பதற்கும் இந்தப் பட்டியல்தான் வழி.

லத்தியடிக்கும் ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது. சட்டவிரோதமான கூட்டமாகவோ, பொது அமைதியைக் கெடுக்கக்கூடிய கூட்டமாகவோ இருந்தால் நிர்வாக மாஜிஸ்திரேட் அல்லது நிலையப் பொறுப்பு அதிகாரி முதலில் கலைந்துபோகும்படி உத்தரவிட வேண்டும். கலையாவிட்டால்தான் பலப்பிரயோகம். அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 148-வது பிரிவு இதைச் சொல்கிறது. அடி வாங்கி, பந்தல் சரிந்து, ஓடிக்கொண்டிருந்த பெண்கள் எந்தக் கணக்கில் சட்டவிரோதக் கூட்டமானார்கள்? 2011 ஜூன் 4 நள்ளிரவு தில்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸார் கண்ணீர்ப்புகையும் லத்தியும் கொண்டு கலைத்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு 2012 பிப்ரவரி 23-ல் தீர்ப்பளித்தது. உயிரிழந்த பெண்ணின் குடும்பத்துக்கு 5 லட்சம், பலத்த காயம் பட்டவர்களுக்கு 50,000, லேசான காயம் பட்டவர்களுக்கு 25,000 ரூபாய் தரச்சொன்னது. அத்துமீறிய போலீஸார் மேல் கிரிமினல் வழக்கும் துறை நடவடிக்கையும் எடுக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், கூட்டம் நடத்தியவர்கள் பக்கமும் தவறு இருந்தது என்று நஷ்ட ஈட்டில் 25 சதவீதத்தை அவர்கள் தலையில் வைத்தது. உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் கல்லைத் தூக்கியிருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தக் கல் எப்படியும் போலீஸ் வீடியோவில் இருக்கும்.

புகாரை இப்போது எப்படிக் கொடுப்பது? நிலையத்தில் வாங்கவில்லை என்பதோடு வழி அடைபட்டுவிடவில்லை. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மறுத்தால், சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஸ்பீடு போஸ்ட் ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான இணையப் பக்கத்தின் பிரிண்டையும் எடுத்து வையுங்கள். முடிந்தால் எஸ்.பி. அலுவலகக் குறைதீர் நாளில் நேரிலும் கொடுத்து, மனு ரசீது வாங்குங்கள். அங்கே யாராவது 'சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம், போதும்' என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துவிடாதீர்கள். மனு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சான்று.

எஸ்.பி.யும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். பிரமாணப் பத்திரத்தோடு 175(3)-ல் மனு. போலீஸார் மேல் வரும் பகுதிக்கு 175(4) குறுக்கே வரும். பணியின்போது நடந்ததாகச் சொல்லப்படும் புகார் என்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த அதிகாரியின் தரப்பையும் பார்த்துவிட்டுத்தான் மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடுவார். 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டம் பொதுமக்களுக்கு இந்த இடத்தில் ஒரு படியைக் கூட்டிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான்கு குற்றங்களையும் பிரித்து எழுதச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால், வேனில் வந்தவர்கள் மேல் உடனே போடவேண்டிய எஃப்.ஐ.ஆரும் இந்த அறிக்கைக்காகக் காத்துக் கிடக்கும்.

பின்னால் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பேச்சும் வரும். செயலுக்கும் பணிக்கும் நியாயமான தொடர்பு இருந்தால்தான் அந்தக் கேள்வியே எழும். புதுச் சட்டத்தின் 218-வது பிரிவில் நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு: 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். இன்னொரு எச்சரிக்கை. தமிழ்நாடு மாவட்டப் போலீஸ் சட்டம் என்று 1859-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் 53-வது பிரிவைக் காட்டி, மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடரவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். நிராயுதபாணியை அடிப்பது அந்தச் சட்டத்தின்படி செய்த வேலையே அல்ல என்று நாம் பதில் சொல்லலாம்தான். ஆனாலும் அந்த வாதத்துக்கே இடம் தராமல் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றப் படி ஏறிவிடுவது நல்லது.

அப்பாவின் கையை உடைத்தது யார் என்று தெரியவில்லை என்கிறீர்களே, அதை அப்படியே எழுதுங்கள். 'முதலில் கட்டையடி விழுந்தது, பிறகு லத்தியடி விழுந்தது, எந்த அடியில் முறிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.' இந்த வாக்கியத்தைப் படிக்கும் நீதிபதி மற்ற வாக்கியங்களையும் நம்புவார். யூகித்து ஒரு பெயரை எழுதிவிட்டு, வீடியோவில் வேறு மாதிரி இருந்தால் எல்லாம் போச்சு. அங்கிருந்த மற்றவர்களும் அவரவர் பார்த்ததை அவரவர் வார்த்தையில் எழுதட்டும். ஒரே வாசகத்தில் ஜெராக்ஸ் போட்ட 60 மனுவைவிட, எழுத்துப் பிழையோடு இருந்தாலும் வேறு வேறு இடத்திலிருந்து பார்த்த பத்து மனு மேல்.

உங்கள் மேல் போட்ட வழக்கைப் பற்றி. எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். 24 மணி நேரத்தில் பதிவேற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பிரிவுகளைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த நியாய சன்ஹிதாவின் 132, அதாவது அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது என்ற பிரிவு இருந்தால், அது ஜாமீனில் வரமுடியாத பிரிவு. உடனே முன்ஜாமீன் போடவேண்டும், இதில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். அனுமதியின்றிக் கூடியது, உத்தரவை மீறியது என்ற அளவில் இருந்தால், ஜீவானந்தம் வழக்கில் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உங்களுக்குக் கைகொடுக்கும். அமைதியாகப் போராடியவர்கள் மேல் போடப்பட்ட அப்படிப்பட்ட வழக்குகளை அது ரத்து செய்தது. நீங்கள் அனுமதியே வாங்கியிருக்கிறீர்கள். அப்புறம், ஒரே சம்பவத்தில் வழக்கும் எதிர் வழக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து எது உண்மை என்று பார்க்க வேண்டும் என்பது காவல் நிலையாணை 566. உங்கள் புகாரைப் பதிவு செய்யாமல் எதிர்த்தரப்பு வழக்கை மட்டும் ஓட்டுவது அவர்களுடைய விதிக்கே முரண் என்று மனுவில் சொல்லுங்கள்.

தம்பி விஷயம். எஃப்.ஐ.ஆரில் அவன் பெயர் இல்லையென்றால், அப்பா மேல் இருக்கும் வழக்கு அவன் வேலைக்குக் குறுக்கே நிற்காது. ஆனால் 'மற்றும் சிலர்', 'மற்றும் 40 பேர்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பின்னால் பெயர் சேர்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கும் கதவு அது. அன்று அவன் அங்கே இல்லை என்றால், எங்கே இருந்தான் என்பதற்கான சான்றை இப்போதே எடுத்து வையுங்கள். உங்கள் வேலையைப் பொறுத்தவரை, புகார்தாரராக அப்பாவே இருக்கட்டும். 100-க்கு அழைத்த சாட்சியாக நீங்கள் வாருங்கள். பள்ளி நிர்வாகத்துக்கு யாரோ போன் போட்டு, அவர்கள் உங்களைக் கூப்பிட்டுப் பேசினால், அந்தத் தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்தால் 2018-ம் வருட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனு செய்யலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும். அந்தக் குழுவில் மாவட்டப் போலீஸ் தலைவரும் உறுப்பினர் என்பது உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் மனுப் போடுங்கள், நீதிபதியின் மேஜைக்கு உங்கள் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதே சில பேரை அடக்கும்.

நீதிமன்றத்துக்கு வெளியே மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழில் எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரைதானே என்று அரசுத் தரப்பு ரொம்ப காலம் சொல்லிவந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்துவிட்டது. நஷ்ட ஈட்டைக் குறிப்பிட்ட அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் உத்தரவுகள் அங்கே வருகின்றன. காவல் நிலையத்தில் பலபேருக்குக் கிரிமினல் வழக்கைவிட இதுவும், '3 பி' என்று அவர்கள் சொல்லும் துறை ரீதியான சார்ஜ் மெமோவும்தான் பயம், பதவி உயர்வில் இடிக்கும் என்பதால். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயம் என்று ஆணையம் மனுவைத் தள்ளிவிடுவதும் உண்டு. அதனால் மாஜிஸ்திரேட் மனுவுக்கு முன்னாலேயே, போலீஸார் தடுக்காமல் நின்றதையும் லத்தியடியையும் மட்டும் வைத்து ஆணையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

காவல் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அமைக்கச் சொன்னபோது, மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013-ம் வருடச் சட்டம் உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியரும் எஸ்.பி.யும். யார் மேல் புகாரோ அவருடைய மேலதிகாரியிடமே புகார். மனுவின் நகலை அனுப்பி வையுங்கள், அதை நம்பி மற்ற வேலையை நிறுத்தாதீர்கள்.

உங்கள் ஊர்க்காரர்கள் 'விசாரணை ஆணையம் வேண்டும்' என்று தீர்மானம் போடலாம் என்பார்கள். போடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். தூத்துக்குடியில் 2018 மே மாதம், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டை யாரும் மறந்திருக்க முடியாது. 13 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு வருடம் விசாரித்து, போலீஸார் வரம்பு மீறியதாகச் சொல்லி, 17 போலீஸ் அதிகாரிகள் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை ஒரு பெரிய ஆவணம்தான். ஆனால் ஆணையம் யாரையும் தண்டிக்க முடியாது. தண்டிப்பது நீதிமன்றம், அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், பெயர் வேண்டும், அடையாளம் காட்டும் சாட்சி வேண்டும்.

அப்படித்தான் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமப் பெண்கள் மேல் நடந்த வன்கொடுமை வழக்கு நின்றது. சம்பவம் நடந்தது 1992 ஜூன் 20. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததோடு, அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 வருடம். இந்த எண்ணைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. அந்த மலைக்கிராமத்துப் பெண்களுக்குச் சொத்தும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. சொன்னதை மாற்றாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகாது. ஆனால் ஒரு தேர்தல் வந்து போகும், அதற்குத் தயாராக இருங்கள். ஆட்சி மாறும்போதும் மாறாதபோதும் வழக்கை வாபஸ் வாங்கும் முயற்சி நடக்கும். சுரக்ஷா சன்ஹிதாவின் 360-வது பிரிவு, பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அதற்கு அனுமதி தரக்கூடாது என்கிறது. அந்த நோட்டீஸ் வரும் நாளில் நீங்கள் வீடு மாறியிருந்தால்கூட, புது முகவரி நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தரவேண்டும் என்பது சட்டம். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். அங்கே கொடுக்கும் வக்கீல் உள்ளூர்க் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் என்று தெரிந்தால், மாற்றித் தரும்படி தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் புகார் கொடுக்கப் போய்த் திரும்பிய நாளையும் மணியையும் மறக்காமல் மனுவில் எழுதுங்கள். காவல் நிலையங்களில் வாசல், வரவேற்பறை, தாழ்வாரம் உட்பட எல்லா இடத்திலும் கேமரா வைத்து, பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அப்பா கையில் கட்டோடு நின்றதும், உங்கள் தாளைத் திருப்பித் தந்ததும் அதில் இருக்க வேண்டும். இல்லை என்று அவர்கள் சொன்னால், ஏன் இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாளைக் காலை மருந்துக்கடை, பிறகு ஆஸ்பத்திரி, மதியத்துக்குள் தபால் ஆபீஸ். புகாரை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன் அப்பாவை உட்காரவைத்து ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். 'இப்படி நடக்கலையேம்மா' என்று அவர் சொல்லும் இடத்தையெல்லாம் அடித்துத் திருத்திவிட்டு, கையெழுத்து வாங்குங்கள். முறிந்தது இடது கைதானே.